கட்டிலைக் கேட்டுப் போனவள்

தையல்கார அக்காவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. கால் மெஷினில் இருந்தாலும் காது போனிலேயே இருக்கும். மாமியார் விழுந்து கிடந்தபோது தெருச் சங்கம் சக்கர நாற்காலி கொடுத்து உதவியது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். நோயாளிகளுக்குச் சங்கம் இரவல் தரும் சாமான்களெல்லாம் இப்போது அவள் பொறுப்பு.

"பேசாம நீ சங்கத்துக்கே வாழ்க்கைப்பட்டிருக்கலாம்" என்பார் வீட்டுக்காரர்.

அன்று காலையிலிருந்து ஒரு பஸ் டிரைவரின் மனைவி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிரைவருக்கு விபத்தில் முதுகில் அடி; தரையில் படுக்கை. தலைமாட்டை உயர்த்தக் கைப்பிடி வைத்த கட்டில் வேண்டும். சங்கத்திடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அச்சகக்காரர் வீட்டில். அவர் இறந்து ஒரு மாதமாகிறது. ஏற்கெனவே கேட்கப் போன அக்கா, துக்கம் விசாரித்துவிட்டு வாய் வராமல் திரும்பியிருந்தாள்.

இன்று வேறு வழியில்லை. போனாள். கூடத்தில் கட்டில், அதன்மேல் கசங்கிய போர்வை, மூக்குக் கண்ணாடி.

"நான்தாம்மா அதுல படுக்கிறேன்" என்றார் அச்சகக்காரரின் மனைவி. "வேற எங்க படுத்தாலும் கண்ணை மூட முடியல."

அக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், கேட்காமலேயே தண்ணீர் மொண்டு குடித்தாள். போன் அடித்தது. துண்டித்தாள். மறுபடி அடித்தது.

"யாருன்னு எடுத்துப் பேசேன்!" என்றார் அந்த அம்மா.

எடுத்தாள். டிரைவர் மனைவியின் அழுகை அறை முழுக்கக் கேட்டது. "கட்டில் கெடைச்சுதாக்கா? படுத்தபடியே தண்ணி குடுத்தாப் புரையேறுது. எனக்குப் பயமா இருக்கு."

அந்த அம்மா போர்வையை மடிக்க ஆரம்பித்தார். "கைப்பிடி பாதியில சிக்கிக்கும். இழுத்து விட்டுச் சுத்தணும். அவளுக்கு அது தெரியாது. நானும் வரேன்."

டிரைவர் வீட்டில் அந்த அம்மாவே கைப்பிடியைச் சுற்றினார். தலைமாடு உயர்ந்தது. டிரைவர் புரையேறாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவர் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை.

திரும்பும்போது அக்கா கேட்டாள்: "இனிமே எப்படிம்மா தூங்குவீங்க?"

"தெரியலம்மா."

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்தாள், தைத்தாள், மறுபடி கோணல். பொழுது சாயும் நேரத்தில் எழுந்துவிட்டாள்.

"அந்தம்மாவை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"அதான் கட்டிலை வாங்கியாச்சே?" என்றார் வீட்டுக்காரர்.

"வாங்கிட்டேனே. அதனாலதான் போறேன்" என்று செருப்பை மாட்டினாள்.