இரண்டாம் அத்தியாயம் தேறவில்லை

துணிக் கட்டுக்குள் வரும் அட்டையை அப்துல் முத்தலிப் தூக்கி எறிய விடமாட்டார். முழங்காலில் வைத்து, கத்தரிக்கோலின் மழுங்கிய முதுகால் ஒரு கோடு கீறுவார். கோட்டின் மேல் நகத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு மடித்தால் சத்தமில்லாமல் பிளக்கும். ஒரு அட்டைக்கு ஒன்பது துண்டு, சீட்டுக்கட்டு அளவில். பிரெஞ்சு ஆவணத்தில் எடுத்த செய்தி என்றால் வலது முனையை வெட்டுவார். யாராவது வாயால் சொன்னது என்றால் இடது முனை. ஒரு துண்டில் ஒரு செய்திதான் எழுதுவார். பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் அடுத்த செய்திக்கு அடுத்த துண்டு. எழுதியதை ஊதிக் காயவைத்து, துளையிட்டு, பூட்ஸ் கயிற்றில் கோப்பார்.

இதெல்லாம் நடந்தது சைகோனில், பென்தான் சந்தைக்குப் பக்கத்தில், என் மாமா அமீர் அலியின் துணிக்கடையில். நான் காரைக்காலிலிருந்து வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முத்தலிப்பின் வாப்பா அந்தக் கடையில் கூட்டாளியாக இருந்து இறந்தவர். அந்த உரிமையில் அவர் பின்னறையில், சரக்குக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவார். அவர் 'மா' என்று கூப்பிடும் அம்மா வியட்நாமியர். சந்தைக்குள் நூலும் பொத்தானும் விற்றார்.

சைகோனில் தூர்க்கப்பட்ட வாய்க்கால்கள், இதுதான் அவருடைய முதுகலை ஆய்வு. நாம் நடக்கிற அகலமான தெருக்களில் பல ஒரு காலத்தில் படகு போன வாய்க்கால்கள். சந்தை நிற்கிற இடமே சதுப்பு. அவற்றை மூட மண் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஐந்து அத்தியாயம் என்று திட்டம் போட்டிருந்தார். இரண்டாவது அத்தியாயம் சுமந்தவர்களைப் பற்றியது.

ஆனால் அந்த ஆய்வில் பட்டம் மட்டும் இல்லை. படிக்கிறவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவதை அரசாங்கம் ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைக்கும். ஜூலை மாதம் அவருடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் ஹுவான், 'இவரது ஆய்வு தொடர்கிறது' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அதைக் காட்டினால் ஒத்திவைப்புச் சீட்டு புதிதாகக் கிடைக்கும்.

எனக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. காரைக்கால் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு வந்து, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று சொல்ல ஊர்க்காரர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தபோது என் வாப்பா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். முத்தலிப்பின் வாப்பாவும் அப்படித்தான் எழுதினார். ஊரில் இருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. சைகோன் மகனின் பெயரைச் சேர்க்கவில்லை. தெருவில் ஜீப்பை நிறுத்தி இளைஞர்களைச் சோதிக்கும்போது என் பாஸ்போர்ட்டைத் திறக்காமலே திருப்பித் தருவார்கள். அவருடைய சீட்டை வெயிலில் பிடித்துத் தேதி பார்ப்பார்கள். அந்த நேரம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கடையில் ஆள் இல்லாதபோது நான் கவிதைப் பத்திரிகை படிப்பேன். அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்.

"என்னா தம்பி இது, பாதி வரிய அச்சுக்காரன் முழுங்கிட்டானா?"

"இல்ல நானா, அவ்ளவுதான்." எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம்.

"இத என் பேராசிரியர்ட்ட காட்டாதே. ஆதாரம் போதாதும்பாரு."

பேராசிரியர் ஹுவானுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிவப்பு மை. 1969இல் முத்தலிப் முதல் வரைவைக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து வந்தது: 'இரண்டாம் அத்தியாயம் தேறவில்லை. சுருக்குக.' சுருக்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு: 'இரண்டாம் அத்தியாயம் தேறவில்லை. விரிவாக்குக.' மண் சுமந்த கூலிகளின் பேரப்பிள்ளைகளைத் தேடி பக்கத்து மாகாணமான பின் யுவோங் வரை போய், கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். 1971 அக்டோபரில் மறுபடியும் அதே வரி.

"மொதல்ல சுருக்குன்னாரு, அப்புறம் விரின்றாரு. நான் என்னா குடையா?" என்று சிரித்தார். சிரித்த முகம் அப்படியே நின்றுபோனது. "இருபத்தெட்டு வயசாச்சு. மா கையில சோறு வாங்கித் திங்கிறேன். பட்டம் கெடச்சா பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேல உண்டு. வாத்தியாருக்கும் ஒத்திவைப்பு உண்டு. இந்த மனுசன் விட்டாத்தானே."

"வேற பேராசிரியரப் பாக்கலாமே நானா," என்றேன்.

கேட்காமல் நான் பேசியது அந்தக் கடையில் அதுதான் முதல் தடவை. மாமா கணக்கிலிருந்து நிமிர்ந்தார். "புள்ளயே வாயத் தொறந்துட்டான். அப்ப நல்லதுதான் நடக்கும், போ முத்தலிப்பு."

மறுவாரம் நானும் அவரோடு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். துறை அறையின் வாசலில் தட்டச்சு செய்கிறவர் ரோசாலி, புதுச்சேரி வழிப் பெண். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் கை நின்றது.

"இன்னும் ஒரு வருசம் பொறுத்தா என்னா மொசியே?"

"நீங்க பொறுங்க மதாம். எனக்கு வயசாவுது."

"எல்லாருக்குந்தான் ஆவுது. ஆவட்டுமே." மறுபடியும் தட்டச்சுக்குக் குனிந்தார்.

உள்ளே பேராசிரியர் ஹுவான், வேறு பேராசிரியரிடம் மாறக் கேட்ட கடிதத்தை வெகு நேரம் படித்தார். அதில் நான்கு வரிதான் இருந்தது. இரண்டாம் அத்தியாயம் இன்னும் பலவீனம், அவசரப்படாதே என்றார். முத்தலிப், போதும் ஐயா என்றார். பேராசிரியர் பேனாவை மூடினார், திறந்தார், கையெழுத்துப் போட்டார்.

புதிய பேராசிரியர் இளைஞர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். பன்னிரண்டு நாளில் முழுவதையும் படித்துவிட்டு, இரண்டாம் அத்தியாயம்தான் இந்த ஆய்வின் உயிர் என்றார். 1972 மார்ச் முதல் வாரம் தேர்வுக் குழு தேர்ச்சி கொடுத்தது. அவருடைய அம்மா சந்தையில் கடை கடையாக வாழையிலையில் இனிப்புச் சோறு கொடுத்தார். செப்டம்பரில் பின் யுவோங்கில் வரலாற்று ஆசிரியர் வேலை என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள்.

மார்ச் கடைசியில் வடக்கே பெரிய தாக்குதல் தொடங்கியது. நியமனங்கள் நின்றன. ஆசிரியர்களுக்கு இருந்த ஒத்திவைப்பும் அவர் வயதுக்காரர்களுக்கு ரத்தானது. படிப்பு முடிந்துவிட்டதால் மாணவர் சீட்டும் கிடையாது. மே மாதம் அழைப்பு வந்தது.

போகிற அன்று கடைக்கு வந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

"மாவப் பாத்துக்க. பேச வேண்டாம், உனக்குத்தான் வராதே. போயி பக்கத்துல உக்காந்தா போதும்."

டிசம்பரில் சவப்பெட்டி வந்தது. விமானத் தளத்தில் பெற்றுக்கொள்ள நானும் அவருடைய அம்மாவும் போனோம். படிவத்தில் படிப்பு என்று ஒரு இடம். முதுகலை என்று நான் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்ட அம்மா சொன்னார், படித்தேன். "அந்த ஹுவான் முதல் வருசமே கையெழுத்துப் போட்டிருந்தா, இவன் பழைய வாத்தியார். பழைய ஆளுகளை விட்டிருப்பாங்க," என்றார். அழாமல் சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பேராசிரியர் ஹுவான் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார் போலிருந்தது. அம்மாவைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். தூங்குகிறார் என்று சொன்னேன். அம்மா எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பேராசிரியர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையை லேசாகத் தாழ்த்திவிட்டுப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அம்மாவின் பக்கத்தில் மூன்றரை ஆண்டுகள் உட்கார்ந்தேன். 1976இல் என் பாஸ்போர்ட் என்னைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டது.

மார்செய்யில் ஒரு கல்யாண வீட்டில் ரோசாலியைப் பார்த்தேன். முத்தலிப்பின் பெயரைச் சொன்னதும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். 1967இல் பேராசிரியர் ஹுவான் நான்கு மாணவர்களுக்குத் தேர்ச்சி கொடுத்திருக்கிறார். நால்வரும் ஆசிரியர் ஆனார்கள். மறு ஆண்டே நால்வருக்கும் அழைப்பு வந்தது. ஒருவர்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பேராசிரியர் யாரையும் தேறவிடவில்லை. வெளியே சொன்னால் அவரைச் சிறையில் போடுவார்கள் என்பதால் மாணவர்களிடமும் சொல்லவில்லை. திருத்தக் குறிப்புகளை ரோசாலிதான் தட்டச்சு செய்திருக்கிறார். முத்தலிப்பையும் சேர்த்து பேராசிரியரிடம் ஏழு பேர் இருந்தார்கள். மற்ற ஆறு பேரும் 1975 ஏப்ரலில் போர் முடிந்த அன்று உயிரோடு இருந்தார்கள், ஆய்வை முடிக்காமல்.