அம்மா பாடியபோது பிடித்த கை

நாங்கள் அப்போது வில்லரே என்ற வெளிநாட்டு நகர்ப்பகுதியில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி, அயர்லாந்தில் பிறந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தன் அண்ணனின் பிறந்தநாளுக்கு எங்களையும் கூப்பிட்டார். அழைப்பைத் தட்டினால் மரியாதையில்லை என்றார் அம்மா. “கேக் சாப்பிட்டிட்டு உடன வெளிக்கிடுவம்” என்று அப்பா நிபந்தனை போட்டார். எனக்கு எட்டு வயது. கேக் என்ற சொல்லுக்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை.

கேக் வரவில்லை. பிடில் வந்தது, ஆட்டம் வந்தது. பிறகு யாரோ ‘உஷ்’ என்றார்கள். பிடில்காரர் பிடிலை மடியில் கிடத்தினார். பிறந்தநாள்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பெரிய உருவம், இருந்த இடத்திலேயே கண்களை மூடிப் பாடத் தொடங்கினார். வாத்தியம் இல்லை, தாளம் இல்லை. முகம் கல்லாக இருந்தது. வளைவும் நெளிவும் எல்லாம் குரலுக்குள்தான். ஆங்கிலமும் அல்ல, அவர்களுடைய பழைய மொழி. கடல் கடந்து போனவனை நினைத்து ஒருத்தி பாடுவதாம். பக்கத்தில் இருந்தவர் பாடுகிறவரின் கையைப் பிடித்து, மா அரைப்பதுபோல மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினார். வெறுங்குரலில் பாடுகிறவரைத் தனியே விடக்கூடாது, அதற்குத்தான் கை என்று வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னார்.

பாடி முடித்தவர் அடுத்தவரைக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். சாரதி கண்ணைத் திறந்து அம்மாவைக் காட்டினார்.

தம்பியைத் தூங்கவைக்கும்போது தவிர அம்மா பாடி நான் கேட்டதில்லை. மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு தாலாட்டுத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். இரண்டு வரி நன்றாகப் போனது. பிறகு குரல் நடுங்கியது. உடனே சாரதி எழுந்து வந்து, வெகு மரியாதையாக, அம்மாவின் கையைப் பிடித்துச் சுழற்றினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கலியாண வீடுகளில் வேறொரு ஆண் அம்மாவிடம் தேநீர் நீட்டினாலே அப்பாவின் கழுத்து விறைக்கும். அவர் எழுந்தார். கோட்டை எடுக்கப் போகிறார், கேக் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

அவர் நேரே போய், சாரதியின் தோளைத் தொட்டு, அம்மாவின் கையைத் தான் வாங்கிக்கொண்டார். சுழற்றத் தெரியவில்லை. குழாய்க்கிணற்றில் தண்ணீர் அடிப்பதுபோல மேலும் கீழும் ஆட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா கண்களை மூடி, தம்பிக்கு ஒருநாளும் பாடியிராத அடிகளையும் சேர்த்து, கடைசிவரை பாடினார். அவர்கள் இருவரும் கைபிடித்து நான் பார்த்ததே இல்லை. வெட்கத்தில் சோபாவில் குவிந்திருந்த கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்தேன்.

கேக் வந்தது. அப்பா இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கினார். வெளிக்கிடும் பேச்சையே காணோம்.

படியேறும்போது, ஏன் எழுந்து போனீங்கள் என்று கேட்டேன்.

“பாவம், வயசான மனுசன். கை நோகுமெல்லே?” என்றார் அப்பா.

அம்மா கைப்பைக்குள் வீட்டுக் கதவின் திறப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். திறப்பு அப்பாவின் கையில் இருந்தது. எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. அப்பாவின் இளகிய மனதைப் பற்றி அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன்.