இகிள்ஸில் காற்று திரும்பிய நேரம்

ரொஸ்வித்தாவுக்கு எழுபத்தாறு வயது. இன்ஸ்ப்ரூக்கில் தனியாக இருந்தாள். சொந்தக் காரை விற்று ஒன்பது வருஷமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாவது வியாழக்கிழமை ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுப்பாள். பள்ளித் தோழி நோட்பூர்காவை முதியோர் இல்லத்திலிருந்து ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவாள். சக்கர நாற்காலியில் இருக்கும் நோட்பூர்காவுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வெளியே போகக் கிடைக்கும்.

இந்த வருஷம் மகள் கெர்லிண்டே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, கார்ல ஒரு கீறல் விழுந்தாலும் இதோட நிறுத்திடணும்."

ரொஸ்வித்தா வாக்குக் கொடுத்தாள்.

காரை எடுத்தபோது மணி பத்து இருபது. மலைக்கு அப்பாலிருந்து வெதுவெதுப்பான தெற்குக் காற்று விடியற்காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது.

"ஏன்டி இப்படி ஒட்டிப் போற? சுவத்தைக் கட்டிப்பிடிக்கப் போறியா?" என்றாள் நோட்பூர்கா.

"நீ மலையைப் பாருடி."

"மலை எங்கயும் ஓடாது. நீ பஸ்ஸைப் பாரு."

நதியோரமாகப் போய், பாலம் தாண்டி, மேலே இகிள்ஸுக்கு ஏறினார்கள். அங்கே காபிக்கடை வாசலில் காரின் மூக்கைத் தெற்கே பார்த்து நிறுத்தினாள். தெற்குக் காற்று அடிக்கும் நாளில் ஊரே அப்படித்தான் நிறுத்தும். காற்று எதிரே இருந்தால் கதவைப் பிடுங்காது. இருவரும் ஆப்பிள் ஸ்ட்ரூடல் பலகாரம் சாப்பிட்டு, இல்லத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேலி பேசி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வெளியே வந்தபோது வடமேற்கே மேகம் கறுத்திருந்தது. ரொஸ்வித்தா கவனிக்கவில்லை. தோழியை ஏற்ற, அவள் உட்காரும் வலது பக்கக் கதவைத் திறந்தாள். காற்று திரும்பியிருந்தது. பின்னாலிருந்து வந்த ஒரே வீச்சில் கதவு அவள் கையை விட்டுப் போய் இரும்புக் கம்பத்தில் மோதியது. மணி மூன்று பத்து.

விரல் நீளத்துக்குக் கீறல்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்," என்றாள் நோட்பூர்கா. அவள் குரலில் கிண்டல் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் மழை. நோட்பூர்காவை இல்லத்தில் இறக்கிவிட்டுக் காரை ஒப்படைத்தபோது வாடகை நிலைய ஊழியர் எகார்ட் குடையோடு இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். "நாற்பத்தொரு கிலோமீட்டர். ஒன்னும் இல்ல மேடம், நீங்க கிளம்பலாம்."

ஈரத்தில் கீறல் தெரியவில்லை. ரொஸ்வித்தா கைப்பையை எடுத்தாள். இரண்டடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து, வலது கதவின் ஓரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினாள்.

"எப்படி ஆச்சு?"

"வண்டி நின்னுட்டு இருந்துச்சு. காத்து கதவைப் பிடுங்கிடுச்சு."

அவர் அதை அப்படியே படிவத்தில் எழுதினார். அவள் அங்கேயே நின்று, மேற்கே ஃபெல்ஸில் இருக்கும் மகளை அழைத்தாள்.

"கீறல் விழுந்துடுச்சு கெர்லிண்டே. இகிள்ஸில, காத்து திரும்பினப்போ."

"எத்தனை மணிக்கு?"

"மூணு பத்து."

"இங்க மூணு அஞ்சுக்கே திரும்பிடுச்சு. தெற்கு ஜன்னலை எல்லாம் சாத்திட்டு மேற்கைத் திறந்து வச்சிருந்தேன். சமையல்கட்டு ஜன்னல் கண்ணாடி தூள் தூளாப் போச்சு."

"அப்ப நீ இனிமே ஜன்னலே திறக்கக் கூடாது. வாக்குக் குடு."

கெர்லிண்டேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்மா. அடுத்த வருஷம் கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ."

ரொஸ்வித்தா போனை வைத்துவிட்டு, அடுத்த அக்டோபரின் இரண்டாவது வியாழன் என்ன தேதி என்று எகார்டிடம் கேட்டாள்.