இரண்டு கை தூரம்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, திட்டு வாங்குவதற்குப் பயிற்சி தருகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வகுப்பெடுக்க வருகிற பெண்மணி, டீ குடித்து முடித்த கையோடு முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்துவார். நான் இரண்டு கை தூரம் தள்ளி, சற்றே பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கைகள் தெரிய நிற்கவேண்டும். முறைக்கக் கூடாது, தொடவே கூடாது. குரலைத் தாழ்த்தி, "நீங்கள் வருத்தத்தில் இருப்பது எனக்குப் புரிகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். டி-எஸ்கலேஷன் என்று இதற்குப் பெயர். தூத்துக்குடியில் கடற்கரைத் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கத்துகிறவர்களைச் சமாளிக்க இங்கிலாந்துக்காரி பாடம் நடத்துகிறாளே என்று முதல் வருடம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

என் அண்ணன் விசைப்படகு டிரைவர். கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் விலகி நின்றதில்லை. அம்மா நேரே போய் அவன் நாடியைப் பிடிப்பாள். நாடி என்றால் எங்கள் பக்கத்தில் மோவாய். ஐந்து விரலாலும் அதைத் தாங்கி, "என் ராசால்லா, விடுய்யா" என்று கெஞ்சுவாள். நாடியைப் பிடித்த பிறகும் கத்துகிற ஆண்பிள்ளையை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. அம்மா இல்லாத நேரத்தில் அந்த வேலை எனக்கு. "ஏளா, கைய எடு" என்பான். அவனாகத் தட்டிவிட மாட்டான். அப்புறம் சோறு போடுவோம், சாப்பிடுவான்.

அதே கையோடுதான் இங்கே வந்தேன். சேர்ந்த மூன்றாம் வாரம், மறதி நோய் கண்ட ஒரு முன்னாள் லாரி டிரைவர், எப்போதோ செத்துப்போன மனைவியிடம் போகவேண்டும் என்று கப்பை வீசிக் கத்தினார். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். நான் போய் நாடியைப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டை முறுக்கி, கொல்கிறாள் கொல்கிறாள் என்று அலறினார். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"அவர் முகத்தைப் பிடித்தாயா?"

"கெஞ்சினேன்."

"கெஞ்சினாயா? அவரிடம் உனக்கு என்ன வேண்டும்?"

விசா அவர்கள் கையில் இருந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை போகும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்று தொடங்கிக் கையை அடக்கப் பழகினேன். நாலு வருடத்தில், யாராவது குரலை உயர்த்தினால் என் கால் தானாகவே பின்னால் போனது. அந்த லாரிக்காரரைக்கூட எட்ட நின்றே அமர்த்திவிடுவேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அம்மா செத்தபோது என் விசா புதுப்பிப்பில் மாட்டிக்கிடந்தது. வருகிறேன், எடுத்துவிடாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போகமுடியாமல் கிடந்தேன். ஐந்து மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். அண்ணன் கட்டிய வேம்பார்க்காரியான என் மதினி காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்திலிருந்து வந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் வெடித்தான்.

"ரெண்டு நாளு அம்மாவ ஃப்ரீசர் பொட்டியில வச்சிக்கிட்டு வாசலயே பாத்துக் கெடந்தேன். வாரேன் வாரேன்னு சொன்னியேளா, எங்கன போன?"

காப்பிச் செம்பு சுவரில் போய் விழுந்தது. மதினி என்னைத்தான் பார்த்தாள். அம்மா இல்லாத வீட்டில் அடுத்து யார் எழுந்து போகவேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். நானும் எழுந்தேன். எழுந்து, இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். "அண்ணே, நீ வருத்தத்துல இருக்கேன்னு எனக்குப் புரியுது" என்றேன். சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை.

அவன் என் கைகளையே பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"எதுக்குளா அங்கன போயி நிக்க? நான் என்ன கிறுக்கனா? ஒன்ன என்னைக்காவது அடிச்சிருக்கனா?"

ஒரு நாளும் அடித்ததில்லை. அப்போதாவது ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். கை எழவில்லை. அவன் வெளியே போனான். நான் கிளம்பும்வரை படகிலேயே படுத்துக்கொண்டான். வகுப்பில் சொல்லித்தந்தபடி பார்த்தால் எனக்கு முழு மதிப்பெண். யாருக்கும் காயமில்லை, கோபமும் இறங்கிவிட்டது. அந்தப் பாடத்தைப் படித்ததற்காக என்னை நானே வெறுத்தது அன்றைக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நடுவே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். மதினி போனை அண்ணன் பக்கம் திருப்பினாள். கைலியோடு வெற்றுடம்பாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைக் கண்டதும், "ஒரு நிமிசம்" என்று எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்தால்தான் எங்கள் வீட்டு ஆண்கள் அப்படி உட்காருவார்கள்.

"நல்லா இருக்கியா? அங்கன குளிரு எப்பிடி?"

"பரவால்லண்ணே."

என்னை ஒரு வார்த்தை திட்டமாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, போனை மதினியிடம் நீட்டினான்.