குண்டுகரிச்சானின் எதிராளி

செம்பூரில் இடிக்கப்போகும் எங்கள் பழைய கட்டிடத்துக்குக் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். எல்லோரும் காலி செய்துவிட்டோம். வாட்ச்மேன் மட்டும் இருந்தார். பார்க்க ஆளில்லாத இடத்திலும் சீருடைச் சட்டையின் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார்.

அவர் நீளமாக விசிலடித்தார். சுவர்ப் பொந்திலிருந்து ஒரு குண்டுகரிச்சான் பறந்துவந்து, எதிரே உட்கார்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு பாடியது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, சிறகில் வெள்ளைக் கோடு.

“உங்ககிட்ட நல்லாப் பழகிடுத்தே,” என்றேன்.

“பழக்கமெல்லாம் இல்ல சார். எடத்தப் பிடிக்க இன்னொரு ஆம்பளக் குருவி வந்துட்டுன்னு நெனச்சு என்னை வெரட்டுது.”

“தெரிஞ்சுமா கூப்பிடறேள்?”

“சண்டைக்காவது ஒரு ஆளு வேணும்லா சார்.”

நான் கேட்டைத் தாண்டியதும் மறுபடி விசில் கேட்டது. பறவை பதில் சொல்லும்வரை நின்றுவிட்டுத்தான் நடந்தேன்.