காலண்டர் தாளில் ஒரு கடல்

தந்திக்காரரைக் கண்டாலே கண் கலங்குகிற ஆள் நான். சென்ற வியாழக்கிழமை பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தியபோது, கையெழுத்துப் போடவே கை வரவில்லை. “அம்மா மவுத்து. உடன் வரவும். காஜா.” அவ்வளவுதான் இருந்தது. காஜாவின் அம்மா, எங்கள் ஜைனம்பு அக்கா போய்விட்டார்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் குவாரிக் குடியிருப்பில் எங்களோடு இருந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். லாரி ஓட்டுநரின் மனைவி, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், சத்தமாகச் சிரிப்பவர். என் மகள் மலர்விழியின் முதல் பள்ளிக்கூடமே அவர்தான் என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

மலருக்கு இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. ஆறு வயதில் பள்ளியில் சேர்க்கப் போனேன். “படி ஏற முடியாத பிள்ளையை யாரும்மா தூக்கிட்டுத் திரியறது? நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று தலைமையாசிரியர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். அக்கா கேட்டுவிட்டு, “அழுது முடிச்சிட்டியா? சரி, நாமளே சொல்லிக் கொடுப்போம். நீயும் எட்டாவது படிச்சவதானே” என்றார்.

தமிழிலும் கணக்கிலும் எங்களுக்குள் சண்டை வரவில்லை. சரித்திரத்திலும் விஞ்ஞானத்திலும்தான் வந்தது. அக்கா மகன் காஜா மலரைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் படித்து முடித்த புத்தகங்கள் இருந்தன. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒப்பிக்க வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். என்றைக்காவது பள்ளியில் கேள்வி கேட்பார்களே! அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பாடத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். “புள்ள திருப்பி ஒரு கேள்வி கேக்குதா, அந்தப் பாடம் இருக்கட்டும். கொட்டாவி விடுதா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.” இதுதான் அவர் பாடத்திட்டம். கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாடத்தையும் எழுதுவோம். அந்தத் தாளில் அடங்காதது சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்பார்.

எது முந்தியது, எது பிந்தியது என்று காட்ட, துணி காயப்போடும் கொடிக்கயிற்றை எடுத்தார். ஒரு சாண் என்றால் நூறு வருஷம். சுதந்திரம் கயிற்றின் நுனியிலேயே வந்துவிட்டது. மூன்று பேருமாகப் பஸ் ஏறி, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, பத்தாம் சாணுக்குப் பக்கத்தில் சோழ ராஜாவுக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். அன்று பஸ்ஸில் மலர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற ஊரையெல்லாம் எத்தனை சாண் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தப்பு அதற்கு அடுத்த வாரம் நடந்தது. குவாரியிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்த கல்லில் சிப்பி ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. “நம்மூருல கடல் ஏதும்மா?” என்று மலர் கேட்டாள். எனக்குச் சோழர் கப்பல் நினைவுக்கு வந்தது. உடனே தாளை எடுத்து எழுதினேன்: “சோழ ராஜா காலத்தில் கடல் அரியலூர் வரை இருந்தது. கப்பல்கள் இங்கே நின்றன. அதனால் கல்லில் சிப்பி இருக்கிறது.” எவ்வளவு அழகாகப் பொருந்திற்று! அக்காவும் தலையாட்டினார். ராஜா முடிச்சை ஒட்டியே கடலுக்கும் ஒரு முடிச்சு விழுந்தது. ஒரு வருஷம் மலர் அதைக் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு சுத்தியலும் பையுமாகக் கல்லூரி மாணவர்கள் சிலர் குவாரிக்கு வந்தார்கள். தண்ணீர் கேட்டு வந்த பெண்ணிடம் அக்கா பெருமையாக எங்கள் கடலைச் சொல்ல, அவள், “இல்லைங்கம்மா, இது மனுஷங்களே பிறக்காத காலத்துக் கடல். பல கோடி வருஷம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அக்கா நேரே என்னிடம் வந்தார்.

“விடுங்கக்கா. மறுபடி போய்க் கேட்டதுக்கு, அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல பரீட்சை வெச்சுப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. இப்பப் போயி தப்புன்னு சொன்னா, நாம சொன்னது எதையுமே நம்பமாட்டா” என்றேன்.

“மறைச்சா அதுவும் ஒரு பாடம்தான் சாரதா. அதைத்தான் புள்ள கெட்டியாப் புடிச்சுக்கும்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது.”

அக்கா மலரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “மலரு, கடல் பாடம் தப்பும்மா. பெரியம்மா தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்.” நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, “இது தவறு” என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். கடல் முடிச்சை அவிழ்த்தார்கள். “இனி எங்க பெரியம்மா கட்டறது?” கணக்குப் போட்டுப் பார்த்தால் கயிறு விழுப்புரத்தையும் தாண்டிப் போகிறது. “அப்ப கயித்த ரயில்லதான் ஏத்தணும்” என்று மலர் உருண்டு உருண்டு சிரித்தாள்.

பரீட்சை நாளில் மலரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா வாசற்படியில் நின்றார். சரித்திரத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கு மலர், “தெரியாதுங்க சார்” என்றாள். ஒப்பிக்க வைத்திருக்கலாமே என்று எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அப்போது தலைமையாசிரியர் அவள் கையிலிருந்த கல்லைக் கவனித்து, என்ன அது என்றார்.

“கடல் சிப்பிங்க சார். சோழர் காலத்துக் கடல்னு முதல்ல படிச்சேன். அது தப்பு. மனுஷங்க இல்லாத காலத்துக் கடல்.”

“தப்பா யாரு சொன்னது?”

மலர் வாசலைக் காட்டினாள். “பெரியம்மா. அவங்களேதான் திருத்தவும் செஞ்சாங்க.”

“ஆமாங்க சார். ஒரு வருஷம் தப்பாத்தான் சொல்லிக் கொடுத்தேன்” என்றார் அக்கா, குரல் கொஞ்சமும் இறங்காமல். நான் மலரின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தலைமையாசிரியர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் நான்காம் வகுப்பு என்று எழுதினார். “நாலாவது மேல் கட்டடத்துல இருக்கு. வகுப்பைக் கீழ இறக்கிடலாம்” என்றார், யாரையும் பார்க்காமல். திரும்பும் வழியில், “நான் எழுதினதுக்கு நீங்க ஏன்க்கா...” என்று தொடங்கினேன். “பெரியம்மா தப்பாச் சொன்னா புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாது. பெத்தவ சொன்னா கலங்கிப் போயிடும். உனக்குத் தோணறப்ப நீயே சொல்லு” என்றார். பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். திருச்சியிலிருந்து மலரும் வந்துவிட்டாள். அங்கே கல்லூரியில் நிலவியல் படிக்கிறாள். பெண்கள் இருந்த அறையில், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மூலையில் வைத்து அவளிடம் சொன்னேன். “மலரு, அந்தக் கடல் பாடத்த எழுதினது நான். பெரியம்மா இல்ல.”

“தெரியும்மா. அது உன் எழுத்துதானே. நான் படிக்கக் கத்துக்கிட்டதே உங்க ரெண்டு பேரு எழுத்துலதான். பெரியம்மாகிட்ட அப்பவே கேட்டேன். ‘அம்மாவே ஒருநாள் சொல்லுவா, அதுவரைக்கும் நீ கேக்கக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சிப்பிக் கல் மலரிடம் இருக்கிறது. அது அவளுக்கு உரியது. காலண்டர் தாளை நான் வைத்திருக்கிறேன். குறுக்குக் கோட்டுக்குக் கீழே ‘ஜைனம்பு’ என்ற கையெழுத்தை அவர் தாளின் ஓரத்தில் ஒதுக்கிப் போட்டிருப்பதை நேற்றுதான் கவனித்தேன். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தார். அதில் என் பெயரை எழுதினேன்.