கடைசி ஆணியில் தொங்கிய டோக்கன்

நேற்று பேங்க் வாசலில் ஒரு பையன் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பெரியவரே, நீங்க முன்னாடி போங்க" என்றான். நல்ல பிள்ளை. "இல்ல தம்பி, நீ போ" என்று நான் அடம்பிடிக்க, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்குச் சவரிமுத்துவைத் தெரியாதே.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நானும் அவனும் ஒரே நாள் காலையில் வேலைக்குச் சேர்ந்தோம். கேட்டுக்கு வெளியே காத்து நின்றபோதுதான் பழக்கமானோம். சூளைப் புகையும் ஈரக் களிமண் வாசனையும் சேர்ந்து அடித்தது. நான் கேட்டைத் தாண்டாமல் தயங்கி நின்றேன்.

"பயப்படாத. நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வரேன்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினான். வாட்ச்மேன் எனக்கு ஒரு பித்தளை டோக்கன் கொடுத்தார். அடுத்த நம்பர் அவனுக்கு. தினமும் அதைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் செக்‌ஷன் வரிசையில் கடைசி ஆணி அவனுடையது.

எங்களுக்குப் பின்னால் யாரும் சேராமலே சில வருஷம் போயிற்று. பிறகு நிலக்கரி சரியாக வரவில்லை. ஒரு சூளை ஆறிக் கிடந்தது. ஆறிய சூளையைப் பார்த்தால் எங்களுக்குக் குலை நடுங்கும். ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அவனுக்கும் அப்படித்தான், கைக்குழந்தை வேறு.

சங்கத்து அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "உங்க செக்‌ஷன்ல ஒருத்தரு போவணும்னு சொல்றாங்க. மேனேஜர் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது, சட்டம் இருக்குது. கடைசியா வந்தவங்கதான் மொதல்ல போவணும்."

"ஒரே நாள்லதான சேந்தோம்?" என்றேன்.

"டோக்கன் நம்பர் இருக்குதேப்பா."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே சவரிமுத்துவின் முகத்தைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

கடைசி நாளன்று டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கேட்டில் நின்றான். "உள்ள நீ முன்னாடி போன. வெளிய நான் முன்னாடி போறேன், அவ்ளோதான். போயிட்டு வரேன்" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

மறுநாள் பார்த்தால், வரிசையில் கடைசியாக என் டோக்கன். அன்றோடு தூக்கம் போயிற்று. சூளை மறுபடி எரிந்து புது ஆள் எடுத்தபோது, வெளியே அனுப்பியவனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்ற சட்டப்படி அண்ணன் சவரிமுத்துவைத் தேடினார். அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தான். வேறொருவன் வந்தான். அவனை மாப்பிள்ளை மாதிரி கவனித்தேன், இட்லி வடை எல்லாம் என் செலவு. எனக்குப் பின்னால் ஓர் ஆள் வந்துவிட்ட சந்தோஷம் அது. பாவம், என்னைத் தங்கமான மனுஷன் என்று நினைத்தான்.

இப்போது அந்தக் கேட்டும் இல்லை, பலகையும் இல்லை. பேத்தி எங்கேயோ காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறாள். "உனக்குப் பின்னால யாரும்மா சேந்தாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு பாக்கறாங்க தாத்தா? நாளைக்கு வராதன்னா வேலய விட்டு நிக்க வேண்டியதுதான்" என்றாள், போனிலிருந்து தலை தூக்காமல்.

அவள் பயப்படவில்லை. நான்தான் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குக் கடைசி ஆணி என்று ஒன்றாவது இருந்தது.